‘இர்ரிவர்சிபிள்’ என்னும் அடைமொழி: மீளாததும் மீட்கவியலாததும்

விஞ்ஞானக் கட்டுரைகளில் மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கில அடைமொழிகள் பல வருகின்றன. சில, மாற்றம் நிகழும் வேகத்தைக் கூறும். சில, அதன் அளவைக் கூறும். சில, அது முடிந்தபின் பழைய நிலை திரும்புமா என்பதைக் கூறும். மூன்றாம் வகையைச் சேர்ந்த ‘இர்ரிவர்சிபிள்’ என்னும் சொல்லே இக்கட்டுரையின் பொருள்.

இச்சொல்லை மிகுந்த கவனத்துடன் ஆளவேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு நிலத்தைப் பற்றியோ, ஒருவருடைய கண்ணைப் பற்றியோ இச்சொல் கூறப்படும்பொழுது, கேட்பவர் இனியும் முயல்வதா, கைவிட்டுவிடுவதா என்பதை அதைக்கொண்டே முடிவு செய்கிறார். “இந்நிலம் இனித் தேறாது” என்று களப்பணியாளர் ஒருவர் சொல்லக் கேட்டு நிலத்தை விற்றுவிட்ட விவசாயிக்கு, பின்னால் அந்நிலம் தேறியதென்று தெரிந்து பயன் என்ன?

தமிழில் இதற்கு ‘மாற்றமுடியாத’, ‘நிரந்தரமான’, ‘மீளாத’, ‘மீட்கமுடியாத’ என்று பலவாறாக எழுதுகிறார்கள். இவை ஒரே பொருளைத் தருவன அல்ல. எவ்விடத்தில் எது பொருந்தும் என்பதை இனிக் காண்போம்.

1. சொல்லின் உறுப்புகள்

இவ்வாங்கிலச் சொல்லில் மூன்று உறுப்புகள் உள்ளன. நடுவில் நிற்பது ‘ரிவர்ஸ்’. ‘பின்னோக்கித் திருப்பு’ என்பது அதன் பொருள். இறுதியில் வருவது இயலுந்தன்மையைக் காட்டும் விகுதி. முன்னால் நிற்பது எதிர்மறை. ஆகவே ‘பின்னோக்கித் திருப்ப இயலாத’ என்பதே நேர்ப்பொருள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, மாற்றம் நின்றுவிட்டது என்றோ, மேலும் மாறாது என்றோ இச்சொல் கூறவில்லை. எனவே ‘மாற்றமுடியாத’ என்னும் மொழிபெயர்ப்பு பிழையாகும். ‘மாற்றமுடியாத மாற்றம்’ என்று எழுதினால் படிப்பவர் குழப்பமே அடைவார். இரண்டாவது, இச்சொல் இயலுமா, இயலாதா என்பதைப் பற்றியது; எவ்வளவு காலம் நிலைத்திருந்தது என்பதைப் பற்றியதன்று. நூறாண்டு நிலைத்த ஒன்றையும் ஒருநாள் திருப்பிவிடக் கூடும். ஆகவே ‘நிரந்தரமான’ என்பதும் பொருந்தாது.

2. சுனாபட்டி தரும் சான்று

மும்பையில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே, ஹார்பர் இரயில் பாதையில் சுனாபட்டி என்று ஒரு நிலையம் உள்ளது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய தமிழர் மிகுந்த பகுதிகளுக்கு அண்மையில் இருப்பதால், தமிழர் பலருக்கு இப்பெயர் பழக்கமானது. கோவில்பட்டி, உசிலம்பட்டி என்னும் பெயர்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு இதுவும் ஒரு ‘பட்டி’யாகவே ஒலிக்கும். ஆனால் இப்‘பட்டி’ ஊரைக் குறிப்பதன்று. மராத்தியில் அது உலையைக் குறிக்கும். ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ஆகவே சுனாபட்டி என்பது நம் வழக்கில் சுண்ணாம்புக் காளவாய். மதுரையிலுள்ள காளவாசலை அறிந்தவர்களுக்கு இப்பெயர் புதுமையாக இராது.

காளவாயில் நிகழ்வது யாது? சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால், அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து வெளியேறும். தூய கல் 100 கிலோ இட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளித்தால் அது வெப்பத்துடன் பொங்கி உதிரும். 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். இதனை மணலுடன் அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று, நீரை விட்டு, மறுபடியும் கல்லாகவே இறுகும். கணக்கின்படி 100 கிலோவும் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

சுட்டபோது கல் இழந்தது ஒருவகைக் காற்றே என்பதையும், அக்காற்றைத் திரும்ப ஏற்றால் சுண்ணாம்பு பழைய பொருளாகிவிடும் என்பதையும் எடைபோட்டு நிறுவியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக். அவரது ஆராய்ச்சி 1756-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அப்படியாயின் கல்லைச் சுடுதல் மீளும் மாற்றமா, மீளா மாற்றமா? ஒரே சொல்லில் விடை கூற இயலாது. மூடிய கலத்தில் சூடேற்றினால், வெளியேறிய வாயு கலத்திலேயே தங்கிச் சுண்ணாம்புடன் மறுபடி கூடும். பிரிதலும் கூடுதலும் ஒருங்கே நிகழ்ந்து சமநிலை உண்டாகும். அங்கே இது மீள்வினை. திறந்த காளவாயிலோ வாயு புகையோடு போய்விடுவதால், வினை ஒரே திசையில் சென்று முற்றுப்பெறும். பிறகு சுவரில் பூசிய சாந்து நாளடைவில் கல்லாகிறது. மேற்புறம் விரைவிலும், தடித்த சுவரின் உட்புறம் பல்லாண்டுகள் சென்றும் இறுகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறுகிய சாந்து இரசாயன முறையில் பழைய பொருளே ஆயினும், வடிவில் பழைய பொருள் அன்று. கிளிஞ்சலின் வரிகளும் வளைவுகளும் திரும்புவதில்லை. காளவாயில் எரித்த விறகும் கரியும் வெளியிட்ட வாயுவைச் சுவர் திரும்ப ஏற்பதுமில்லை. பொருள் மீண்டது, வடிவம் மீளவில்லை, எரிபொருள் மீளவில்லை. ஆகவே ‘எது மீள்கிறது?’ என்று கேளாமல் இவ்வடைமொழியை ஆளலாகாது.

3. குயவர் சூளை

சுனாபட்டிக்கு அருகிலுள்ள தாராவியில் கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வனைந்து உலர்த்திய பச்சைப் பானையை நீரில் இட்டால், அது கரைந்து குழைமண்ணாகிவிடும். அதனையே மறுபடி வனையலாம். சூளையில் வெந்த பானை அப்படிக் கரையாது. ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி வெப்பத்தில், களிமண் துகள்களின் அமைப்பிலேயே கட்டுண்டிருந்த நீர் வெளியேறி அவ்வமைப்பு குலைகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும், இடித்துப் பொடியாக்கினாலும், அது சக்கரத்துக்கு ஏற்ற மண்ணாவதில்லை. ‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?’ என்னும் பழமொழி இவ்வுண்மையைத்தான் கூறுகிறது.

உலர்தலும் சுடுதலும் இரண்டுமே நீர் நீங்கும் செயல்கள். முதலாவது எளிதில் மீளும். இரண்டாவது பட்டறையில் எவ்வகையாலும் மீளாது. இரண்டுக்கும் எல்லை வெப்ப அளவில் இருக்கிறது. எந்நிலை வரை சென்றால் திரும்பலாம், எந்நிலையைக் கடந்தால் திரும்பவியலாது என்று சொல்லும்பொழுதே இவ்வடைமொழி விஞ்ஞானச் சொல்லாகிறது.

4. தமிழில் இரண்டு வினைகள்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் இரு பொருள்களைத் தமிழ் இரு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘மீள்’ என்பது தன்வினை. ‘மீட்டல்’ என்பது பிறவினை. ஒன்று தானே திரும்புவது. மற்றது ஒருவர் முயன்று திருப்புவது.

அடகு வைத்த நகையை எண்ணிப் பார்க்கலாம். அது தானாக வீட்டுக்கு மீளாது. ஆனால் முதலும் வட்டியும் கட்டினால் மீட்கலாம். தவணை கடந்து மூழ்கிப்போன நகையையோ மீட்கவும் இயலாது. ஆகவே மூன்று நிலைகள் உள்ளன: தானே மீள்வது, மீளாது எனினும் மீட்கத்தக்கது, மீட்கவியலாதது. நடுவிலுள்ளதை மூன்றாவதாக எண்ணிவிடுவதே நடைமுறையில் நேரும் பெரும்பிழை.

‘மீளாத’ என்னும் சொல்லில் மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழில் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. ‘வராத மழை’ என்றால் நேற்று வராததும் ஆகலாம், இனி வராததும் ஆகலாம். அவ்வாறே ‘மீளாத நிலம்’ என்பது ‘இதுவரை மீளவில்லை’ என்றும் ‘இனி என்றும் மீளாது’ என்றும் இருபொருள் படும். முன்னது கண்டறிந்த செய்தி, பின்னது தீர்ப்பு. அறிக்கை எழுதுவோர் ‘இன்னும் மீளாத’ என்றோ ‘இனி மீளாத’ என்றோ காலச்சொல் சேர்த்து எழுதுவது நலம்.

5. நான்கு வினாக்கள்

இச்சொல்லை மொழிபெயர்க்குமுன்னும், அறிக்கையில் எழுதுமுன்னும் நான்கு வினாக்களை எழுப்புக:

(அ) எது? — மாற்றமடைந்த பொருளா, அதன் வடிவா, பயனா?
(ஆ) எந்நிலையில்? — எவ்வெப்பத்தில், திறந்த இடத்திலா, மூடிய இடத்திலா, எல்லை கடந்தபின்னா?
(இ) எவ்வளவு காலத்துள்? — ஒரு பருவத்திலா, ஒரு தலைமுறையிலா, ஆயிரம் ஆண்டிலா?
(ஈ) யாரால், என்ன செலவில்? — தானாகவா, மனித முயற்சியாலா?

நான்குக்கும் விடை கட்டுரையிலேயே இருக்குமாயின், அவ்விடைகளைச் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். விடை இல்லையெனில், அடைமொழியைக் கூட்டாமலும் குறையாமலும் ‘மீளாத’ என்றே நிறுத்துவது முறை. ‘என்றென்றைக்கும்’ என்று நாமாகச் சேர்ப்பது முறையன்று.

6. களப்பணியில்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையினால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. இவ்வயல்கள் பல்லாண்டுகள் விளையா என்ற அச்சம் அப்போது எழுந்தது. மணலையும் சேற்றையும் அகற்றினர்; வரப்பை உயர்த்தி நன்னீரைத் தேக்கி வடித்தனர்; தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். அடுத்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையும் மிகுதியாகப் பெய்து உப்பைக் கரைத்துச் சென்றது. பல வயல்கள் ஓரிரு பருவங்களுக்குள் சாகுபடிக்குத் திரும்பின. ‘மீளாது’ என்று அஞ்சிய நிலத்துள் ஒருபகுதி தானே மீண்டது, ஒருபகுதி மீட்கப்பட்டது.

உவர் நிலமும் களர் நிலமும் இவ்வேறுபாட்டுக்கு நல்ல சான்றுகள். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். வடிகால் அமைத்து நல்ல நீர் பாய்ச்சினால் உப்பு கழுவுண்டு போகும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு பற்றியிருக்கும். நீர் மட்டும் பாய்ச்சினால் போதாது. ஜிப்சம் இட்டு, சோடியத்தை விடுவித்து, பிறகே கழுவ வேண்டும். கர்னாலில் 1969-இல் நிறுவப்பெற்ற மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் இம்முறைகளில் விரிவாக ஆராய்ந்துள்ளது. களர் நிலம் தானே மீளாதது, ஆனால் மீட்கத்தக்கது. விவசாயிக்குச் சொல்லவேண்டியது இவ்விரண்டாம் பாதியே.

நிலத்தடி நீருக்கு வரும்பொழுது காலக்கணக்கு வேறுபடுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், மிகுதியாக நீர் இறைத்ததனால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. இதனைப் பின்தள்ள இறைப்பைக் குறைத்து, மழைநீரை உட்செலுத்தி, நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். நீர் வற்றியபின் நெருங்கி அமுங்கிப்போன களிமண் அடுக்கோ, நீர் திரும்பினாலும் பழைய பருமனை அடைவதில்லை. ஒரே கிணற்றின் அடியில் மீட்கத்தக்கதும் மீட்கவியலாததும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக்கூடும்.

சுகாதாரப் பணியாளருக்கு இரண்டு கண்நோய்கள் சான்றாகும். கண்புரையினால் மங்கிய பார்வையை அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கலாம். கண்நீர் அழுத்த நோயினால் இழந்த பார்வையை மீட்கவியலாது. ஆனால் இங்கே மற்றொரு வாக்கியம் உடன் வரவேண்டும்: எஞ்சிய பார்வையை மருந்தாலும் சிகிச்சையாலும் காக்கலாம். மீட்கவியலாதது என்பது தடுக்கவியலாதது என்று பொருள்படாது. முதல் வாக்கியத்தை மட்டும் கேட்ட நோயாளி மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிடக் கூடும்.

7. காலநிலை அறிக்கைகளில்

காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டின் முதற்பகுதி 2021-இல் வெளிவந்தது. அதன் சொற்பட்டியல் இவ்வடைமொழிக்குத் திட்டமான வரையறை தருகிறது. இயற்கைச் செயல்களால் பழைய நிலை திரும்புவதற்கு, நாம் கருதும் காலப்பகுதியைவிட மிக நீண்ட காலம் பிடிக்குமானால், அக்காலப்பகுதியைப் பொறுத்து அம்மாற்றம் மீளாதது என்பதே அதன் கருத்து. அதாவது, காலவரையறையின்றி அவ்வறிக்கையில் இச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

கடல் வெப்பமும், பனிப்பாளங்களின் இழப்பும், கடல்மட்ட உயர்வும் நூற்றாண்டுகள் முதல் ஆயிரமாண்டுகள் வரையில் மீளாதன என்று அவ்வறிக்கை கூறுகிறது. ஆனால் வளிமண்டலத்திலிருந்து நிகரமாகக் கரியமில வாயுவை நீக்க முடியுமானால், புவிமேற்பரப்பின் சராசரி வெப்பம் படிப்படியாகக் குறையக்கூடும் என்றும் கூறுகிறது. ‘காலநிலை மாற்றம் மீளாதது’ என்று ஒரே வரியில் எழுதினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். மும்பை போன்ற கடற்கரை நகரத்தில் வாழ்வோருக்கு இரண்டும் தனித்தனியே தெரிந்திருக்க வேண்டும்: கடல்மட்டத்துக்கு இப்பொழுதே ஆயத்தமாக வேண்டும், வெப்பத்தைக் குறைக்கும் முயற்சியை விட்டுவிடவும் கூடாது.

8. அண்டைச் சொற்கள்

‘கிராஜுவல்’ (படிப்படியான), ‘அப்ரப்ட்’ (திடீரென்ற) என்பவை வேகத்தைக் குறிப்பன. வேகத்துக்கும் மீட்சிக்கும் தொடர்பு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மேல்மண் அரிப்பு படிப்படியானது. எனினும் ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லுமாதலால், நம் வாழ்நாளில் அது மீளாது. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அவ்வெள்ளம் திடீரென்று வந்தது. சில நாட்களில் வடிந்தது. இரயில்கள் மறுபடி ஓடின. ஆனால் அன்று போன உயிர்கள் திரும்பவில்லை. ஒரே நிகழ்ச்சியில் நீர்மட்டத்துக்கு ஓர் அடைமொழியும் உயிரிழப்புக்கு மற்றோர் அடைமொழியும் வேண்டியிருப்பதைக் காண்க.

வெப்ப இயக்கவியலில் இச்சொல் இன்னும் கண்டிப்பான பொருளில் வரும். அமைப்பும் அதன் சுற்றுப்புறமும் இரண்டுமே எவ்விதச் சுவடும் இன்றித் திரும்பினால்தான் அங்கே ‘மீள் நிகழ்ச்சி’ எனப்படும். இயற்கையில் உண்மையாக நிகழ்வன யாவும் அப்பொருளில் மீளா நிகழ்ச்சிகளே. பாடநூலில் இப்பொருளைப் படித்தவர், அதனைக் களர் நிலத்துக்குப் பொருத்திவிடலாகாது.

9. ஆசிரியர்களுக்கு

‘பௌதிக மாற்றம் மீளும், இரசாயன மாற்றம் மீளாது’ என்று மாணவர் மனப்பாடம் செய்வதுண்டு. இது பொதுவிதி அன்று. உடைந்த கண்ணாடி பௌதிக மாற்றமே, அது மீளுவதில்லை. இரசாயன மாற்றம் மீள்வதைக் கீழ்வரும் இரு பரிசோதனைகளால் வகுப்பிலேயே காட்டலாம்.

முதலாவது: சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடித்து, பலமடங்கு நீர் சேர்த்துக்கொள்க. அதனுள் குழாய் வழியே மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். நெடுநேரம் ஊதினால் வெண்மை மறைந்து மறுபடி தெளியும். அத்தெளிவைக் கொதிக்கவைத்தால் வெண்மை திரும்பத் தோன்றும். ஊதும்போது நீரை உறிஞ்சிவிடாமலும் கண்ணில் தெறிக்காமலும் காக்க வேண்டும்.

இரண்டாவது: மயில்துத்தத்தை மென்மையாகச் சூடேற்றினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகும், ஆறியபின் ஒருதுளி நீர் விட்டால் நீலம் திரும்பும். மிகக் கடுமையாகச் சூடேற்றினால் கறுத்துவிடும். அதன்பின் நீர் விட்டாலும் நீலமாகாது. எல்லை கடத்தல் என்பதை விளக்க இதைவிட எளிய பரிசோதனை அரிது. ஆனால் கடுமையாகச் சூடேற்றும்போது நச்சுப்புகை எழுமாதலால், அப்பகுதியை வாய்மொழியாக விளக்குவதே போதும்.

பயிற்சி: கீழ்வருவனவற்றைத் ‘தானே மீள்வது’, ‘மீட்கத்தக்கது’, ‘மீட்கவியலாதது’ என்று பிரித்து, காலமும் நிலையும் சேர்த்து ஒவ்வொரு வாக்கியமாக எழுதச் செய்க.

(1) கோடையில் வற்றிய ஏரி.
(2) தூர்ந்துபோன ஏரி.
(3) கட்டடம் எழுப்புவதற்காக மண்ணிட்டு மூடிய அலையாத்திக் காடு.
(4) அற்றுப்போன ஓர் உயிரினம்.
(5) துருப்பிடித்த இரும்பு.

விடைக் குறிப்பு: (1) போதிய மழை பெய்தால் ஒரு பருவத்தில் தானே மீளும். (2) தானே மீளாது, தூர்வாரினால் மீட்கலாம். (3) அலை வந்துபோகும் வழி அடைபட்டதாலும், மேலே கட்டடம் நிற்பதாலும் நடைமுறையில் மீட்கவியலாதது. வேறிடத்தில் கன்று நடுதல் ஈடாகலாம், மீட்பாகாது. (4) மீட்கவியலாதது. (5) தானே மீளாது. உலையில் கரியுடன் சூடேற்றி இரும்பை மீட்கலாம், ஆனால் பழைய கருவியின் வடிவை அன்று. மூன்றாவது வினாவுக்கு மாணவர்கள் வேறு விடை கூறினால், எக்காலம், எச்செலவு என்று கேட்டு வாதிடச் செய்க. அவ்வாதமே இப்பாடத்தின் பயன்.

சுருங்கக் கூறின், ‘இர்ரிவர்சிபிள்’ என்பதைத் தனியே நிற்கும் சொல்லாகக் கருதாமல், எது, எந்நிலையில், எக்காலத்துள், யாரால் என்னும் நான்கையும் எதிர்நோக்கி நிற்கும் சொல்லாகக் கருதவேண்டும். தானே திரும்பாததை ‘மீளாத’ என்றும், முயன்றும் திருப்பவியலாததை ‘மீட்கவியலாத’ என்றும் பிரித்து எழுதுக. கிராமத்தில் நம் அறிக்கையைப் படிக்கக் கேட்பவர், இனித் தாம் செய்யத்தக்கது ஒன்று உண்டா, இல்லையா என்பதை அப்பொழுதே தெளிவாக அறிந்துகொள்வார்.